மரபியல் ஆலோசகரும் உரிம விதிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரையும் இளங்கோவையும் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் என்னைப் பேசப் பணித்தபோது, ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்தார், பிறகு இசைந்தார். இலக்கியம் பேசும் புலமை எனக்கு இல்லை. பள்ளியிறுதி வகுப்பு வரை படித்து, இரயில்வேயில் எழுத்தராக இருபது ஆண்டுக்கு மேல் விதிப்புத்தகங்களோடு வாழ்ந்தவன் நான். விதி என்ன சொல்கிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு.

மரபணுவால் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்பவரை மரபியல் ஆலோசகர் என்கிறோம். அவர் மருந்து கொடுப்பவர் அல்லர். கத்தி எடுப்பவரும் அல்லர். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாருக்கு என்ன நோய், யார் யாரை மணந்தார், எந்தக் குழந்தை இளமையில் இறந்தது என்று கேட்டு ஒரு வரைபடம் எழுதுவார். எந்தச் சோதனை வேண்டும், எது வேண்டா, வந்த முடிவுக்கு என்ன பொருள் என்று சொல்வார். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று கட்டளையிடமாட்டார். செய்தியைச் சொல்லி முடிவைக் குடும்பத்தாரிடமே விடுவதுதான் அத்தொழிலின் அறம். அமெரிக்காவில் ஷெல்டன் ரீடு என்னும் அறிஞர் 1947-இல் இத்தொழிலுக்குப் பெயர் சூட்டினார். நியூயார்க்கு மாநிலத்துச் சாரா லாரன்சு கல்லூரியில் 1969-இல் இதற்கென முதுநிலைப் படிப்புத் தொடங்கிற்று. நம் கர்நாடகத்திலும் மணிப்பாலில் இப்படிப்பு உண்டு.

இதில் நமக்கென்ன என்று தாய்மார்கள் நினைக்கலாம். நமக்குத்தான் இதில் மிகுதியும் இருக்கிறது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் பேசுவதும், அக்காள் மகளைத் தம்பிக்கே கொடுப்பதும், உறவு விட்டுப் போகக் கூடாது என்பதும், சொத்துச் சிதறக் கூடாது என்பதும் நாம் ஊரிலிருந்து மூட்டையோடு கொண்டுவந்த வழக்கங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுத் திருமணங்களில் நூற்றுக்கு 28 உறவுக்குள் நடந்தவை; கர்நாடகத்தில் 27; இந்தியா முழுமைக்கும் 11. ஆகவே இந்த வழக்கத்தில் நாமும் நம் கன்னடத்து அண்டை வீட்டாரும் ஒரே படகில் இருக்கிறோம். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அப்பாஜி ராவ் முதலிய அறிஞர்கள் 1980-களில் கர்நாடகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பிறவியிலேயே வரும் சில வளர்சிதைமாற்ற நோய்கள் உறவுத் திருமணத்துக் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டா. எந்தத் தம்பதியருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கக் கூடும். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அதனோடு மேலும் இரண்டு மூன்று சேரும். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தில் குறிப்பிட்ட ஒரு நோய் ஏற்கெனவே தலைகாட்டியிருந்தால் கணக்கு வேறாகிவிடும். அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லத்தான் ஆலோசகர் வேண்டும்.

என் உறவுப் பெண் ஒருத்தியின் செய்தியைச் சொல்கிறேன். அவளுடைய ஒப்புதலோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டா. தாய்மாமனை மணந்தவள். முதற் குழந்தைக்குத் தலசீமியா என்னும் இரத்த நோய். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அக்குழந்தைக்குப் புது இரத்தம் ஏற்ற வேண்டும். கணவனும் மனைவியும் பார்வைக்கு நலமானவர்கள். ஆனால் இருவரும் அந்நோயின் மரபணுவை ஒவ்வொன்று சுமப்பவர்கள். அப்படிப்பட்ட தம்பதியருக்கு ஒவ்வொரு முறை கருவுறும்போதும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மருத்துவமனை ஒன்றில் இதை அவளுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்திலேயே ஐந்து நிமிடம் பேசினார்கள். அவள் என்ன விளங்கிக்கொண்டாள் தெரியுமா? “நான்கில் ஒன்று வந்துவிட்டது, இனி வரும் மூன்றும் நலம்.” நாணயத்தைச் சுண்டும்போது முன்பு விழுந்தது தலையா பூவா என்று நாணயத்துக்கு நினைவிருப்பதில்லை அன்றோ? கருவுக்கும் அப்படியே. இதை ஒருவரும் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், அம்மா” என்று கேட்டிருந்தால் அந்தத் தவறு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். இரண்டாவது குழந்தை நலமாகப் பிறந்தது. நல்லூழ்தான். ஆனால் அதனால் அவளுடைய கணக்கு சரிதான் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. மூன்றாவது கரு உண்டாகிச் சோதனைக்குரிய காலம் கடந்த பின்பே ஒரு தமிழ் மருத்துவச்சி தற்செயலாக அவளைக் கேட்டு, உண்மையை விளக்கினார். பிரசவம் வரையில் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்கவில்லை.

காலம் என்று சொன்னேன். கருவுற்ற 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரைச் சோதிக்கலாம். வண்டி புறப்பட்ட பிறகு நடைமேடைக்கு ஓடிவந்து பயனில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் மரபியல் ஆலோசனையைப் பற்றி விதி செய்த முதற் பெருஞ்சட்டம் 1994-ஆம் ஆண்டின் பேறுகால முன்னறி சோதனைச் சட்டம். 1996 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் திருத்தப்பட்டுப் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் விரிந்தது. இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 945, 2001-இல் 927. சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையால் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்ததை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். நோயறிய வந்த கருவி பெண்ணறியும் கருவியாக மாறிற்று. அதைத் தடுக்கக் கடுமையான சட்டம் வேண்டியிருந்தது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்தச் சட்டம் மூன்று இடங்களுக்குப் பதிவு கேட்கிறது: மரபியல் ஆலோசனை மையம், மரபியல் ஆய்வகம், மரபியல் மருத்துவமனை. எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், நோயாளிகளுக்கு மரபியல் ஆலோசனை தரும் இடம் ஆலோசனை மையமே. அதில் மகப்பேறு மருத்துவரோ குழந்தை மருத்துவரோ இருக்க வேண்டும். அவருக்கு மரபியல் ஆலோசனையில் ஆறு மாத அனுபவமோ நான்கு வாரப் பயிற்சியோ வேண்டும். இல்லையேல் மருத்துவ மரபியலாளர் ஒருவர் இருக்க வேண்டும். போதிய இடமும், விளக்கப் படங்களும், மாதிரிகளும் வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். கட்டணம் முன்பு 3,000 ரூபாய். 2012-இல் 25,000 ரூபாயாக உயர்ந்தது. பதிவுச் சான்றை யாவரும் காணும் இடத்தில் மாட்ட வேண்டும். கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என்ற அறிவிப்பை வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது என் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல அனுமதியுங்கள். ஒவ்வோர் இரயில் நிலையத்துக்கும் அந்நிலையத்துக்கே உரிய பணிவிதிப் புத்தகம் ஒன்று உண்டு. அஃது இடத்துக்கு உரிய விதி. ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. கைகாட்டியை இறக்கி வண்டியை உள்ளே விடும் நிலைய அதிபருக்குத் தனியே தகுதிச் சான்று வேண்டும்; கண்பார்வையில் ஏ-2 தரம் வேண்டும்; வண்டி ஓட்டுநருக்கோ ஏ-1 தரம் வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வர வேண்டும். சுவர், கைகாட்டி, தண்டவாளம் எல்லாம் சரியாக இருந்தும், நெம்புகோலைப் பிடிக்கும் கை தகுதியற்றதாயின் விபத்துதான். மரபியல் ஆலோசனையில் நம் சட்டம் நிலையத்துக்குப் புத்தகம் எழுதிற்று. நிலைய அதிபருக்கோ நான்கு வாரத்தோடு விட்டுவிட்டது. இரண்டாண்டு முதுநிலை படித்து இதே தொழிலுக்கென்று வருகின்ற இளைஞருக்கு ‘ஆலோசகர்’ என்ற பெயரில் ஓரிடமும் அதில் குறிக்கப்படவில்லை. உயிரியலில் முதுநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் காட்டி, மருத்துவ மரபியலாளர் என்ற விரிந்த சொல்லுக்குள் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவுகளை எடை போட்டுப் பார்ப்போம். பதிவேடுகள் பெருகின. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம். படிவத்துக்குக் காப்புக் காலம் இரண்டாண்டு. படிவத்தில் ஏற்படும் எழுத்துப் பிழையைக் குற்றமாகக் கருதலாகாது என்று மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு உச்சநீதிமன்றம் சென்றது. 2019 மே மாதத்தில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. படிவத்தைச் சரிவர எழுதாமை, சட்டம் தடுக்க வந்த குற்றத்துக்கே வழி திறப்பதாகும் என்பது அதன் கருத்து. எழுத்தர் என்ற முறையில் எனக்கு அத்தீர்ப்பில் ஒரு மகிழ்ச்சி உண்டு. எழுத்தர் வேலையை இவ்வளவு பெரிய மன்றம் வேறெங்கும் பெருமைப்படுத்தியதாக நான் அறியேன். ஆனால் கேள்வி இருக்கிறது. படிவம் நிரம்பியது, அந்தப் பெண்ணின் உள்ளம் நிரம்பியதா?

இத்தனைக்கும் அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் ஒரு பொன்னான வாக்கு இருக்கிறது. சோதனையால் வரக்கூடிய பக்க விளைவுகளைக் கர்ப்பிணிக்கு விளக்க வேண்டும்; அவளுக்கு விளங்கும் மொழியில் எழுத்து மூலமான ஒப்புதல் பெற வேண்டும்; அதன் படியொன்றை அவளிடமே கொடுக்க வேண்டும். தாய்மார்களே, “அவளுக்கு விளங்கும் மொழியில்” என்பதை நன்கு நினைவில் வையுங்கள். இஃது ஒருவர் இரங்கித் தரும் சலுகை அன்று. நாடாளுமன்றம் தந்த உரிமை. ஆனால் இந்த விதி ஒப்புதல் தாளுக்கே உரியது. தாளில் கையொப்பம் இடுமுன் நடக்கும் உரையாடல் எந்த மொழியில், எவ்வளவு நேரம், யாரால் என்பதைப் பற்றி ஆலோசனை மையத்தின் விதி ஒன்றும் பேசவில்லை. படமும் மாதிரியும் கேட்ட விதி, பேசும் வாயைக் கேட்கவில்லை.

இந்தக் குறையை நிரப்பத்தக்க சட்டம் 2021-இல் வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கும் நலவாழ்வுத் தொழில்களுக்கும் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் அது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களை வகைப்படுத்தி, மாநிலந்தோறும் மன்றம் அமைத்து, தொழில் செய்பவரைப் பெயர் பெயராகப் பதிவு செய்வது அதன் நோக்கம். நலவாழ்வுத் தொழிலாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. இதுதான் நான் கேட்ட நிலைய அதிபர் சான்று. ஆனால் அச்சட்டம் இயற்றப்பட்டபோது அமைந்த அட்டவணையில் உயிரணு மரபியலாளரும் மூலக்கூற்று மரபியலாளரும் உண்டு. நோய் ஆலோசகரும் குடும்பநல ஆலோசகரும் உண்டு. மரபியல் ஆலோசகர் என்ற தனிப்பெயர் அமையவில்லை. ஆய்வகத்துக் குழாயோடு பேசுபவருக்குத் தெளிவான பெயர். குடும்பத்தோடு பேசுபவர் பொதுப்பெயருக்குள் புகுந்துகொள்ள வேண்டும். மேலும், மாநில மன்றங்கள் அமைவதில் நேர்ந்த சுணக்கத்தால், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே அரசுகளை முடுக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் இந்திய மரபியல் ஆலோசனை வாரியம் என்ற அமைப்பு தகுதி பார்த்துச் சான்று வழங்கி வருகிறது. நல்ல முயற்சி. ஆனால் அஃது அரசு தரும் உரிமம் அன்று, விரும்பியவர் பெறுவது.

உரிமம் கொடுப்பதால் மட்டும் எல்லாம் விளங்கிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2001-இல் இதற்கு உரிமச் சட்டம் செய்தது. பிறகு முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. பயிற்சியற்றவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்வது அங்கே தடைப்பட்டது. ஆனால் ஒரு மாநிலத்து ஆலோசகர் வேறு மாநிலத்துக் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசவும் அம்மாநிலத்து உரிமம் வேண்டும் என்ற சிக்கலும் கூடவே வந்தது. நம்மை எண்ணிப் பாருங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. மகள் இங்கே, சம்பந்தி வீட்டார் அங்கே. தமிழ் பேசும் ஆலோசகர் வேலூரில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். அவர் பெங்களூர்க் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசுவதற்கு மாநில எல்லை குறுக்கே நின்றால், விதியால் நட்டப்படுவது நம்மைப் போன்ற குடியேறிய மக்களே.

இன்னொரு செய்தி. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952-இல் எழுதினார்கள். இந்தியாவில் அந்நோயைப் பற்றி எழுந்த முதற் செய்திகளுள் அது ஒன்று. 2023 சூலையில் மத்திய அரசு அந்நோயை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. சோதித்தவர்க்கெல்லாம் அட்டை கொடுத்து, திருமணத்துக்கு முன் இருவர் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மலைக் கிராமத்தில் இதை எடுத்துச் சொல்பவர் செவிலியரும் சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளருமே. முதுநிலைப் பட்டம் பெற்றவர் தவிர யாரும் மரபியலைப் பற்றி வாய் திறக்கலாகாது என்று விதி செய்தால், அந்த மலைகளில் பேச ஆளே இராது. ஆகவே உரிமம் பெயருக்கு வேண்டும். சோதனை முடிவை விளக்கி, அரிய முடிவுகளுக்கு வழிகாட்டும் பணிக்கு வேண்டும். தொடக்க அறிவைத் தாய்மொழியில் சொல்லும் செவிலியர்க்கு அது வேலியாகி விடலாகாது.

அப்படியானால் உரிமத்தால் என்ன நன்மை? என் மனத்தில் முதலிடம் பெறுவது மறைகாப்பு. நம் குடியிருப்பில் ஒரு பெண் தலசீமியா மரபணுவைச் சுமக்கிறாள் என்ற சொல் கசிந்தால் போதும். அவள் நோயாளி அல்லள், முழு நலமுடையவள், அதே மரபணுவைச் சுமக்காத ஒருவனை மணந்தால் அந்நோய் அவள் குழந்தைகளைத் தீண்டாது. ஆனால் அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? அவளுக்கும் அவள் தங்கைக்கும் வரன் நின்றுவிடும். பையன்வீட்டார் குற்றம் முழுவதையும் பெண் தலையில் சுமத்துவார்கள். இருவரும் சுமந்தால்தான் நோய் வரும் என்ற உண்மையை யாரும் நினைக்கமாட்டார்கள். இந்த அச்சத்தாலேயே நம்மவர் பலர் சோதனைக்கே போவதில்லை. உரிமம் பெற்றவர் வாய் தவறினால் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். உரிமமற்றவரை எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவது? அஞ்சலில் எச்சில் குப்பியை வாங்கி மரபணு பார்த்துச் சொல்லும் வாணிகம் இந்நகரில் நடக்கும் காலம் இது. தாளில் வரும் முடிவை விளக்கியவர் யார், அவர் யாருக்குப் பொறுப்பு என்று கேட்க ஒரு முகவரி வேண்டாமா?

அரசு கேட்குமோ கேளாதோ, என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தேசிய ஆணையத்தின் அட்டவணையில் மரபியல் ஆலோசகர் என்ற பெயர் தனியே வரட்டும். பதிவின்போதே அவர் எந்தெந்த மொழிகளில் பேச வல்லவர் என்பதையும் எழுதி, மக்கள் பார்க்க வெளியிடட்டும். பெங்களூரில் தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர்க்கும், சென்னையில் வாழும் கன்னடியர்க்கும் அதனால் ஒருங்கே பயன் உண்டு. ஆலோசனை மட்டும் நடத்தும் சிறு இடங்களுக்கு, கருவி வைத்திருக்கும் இடங்களுக்குரிய 25,000 ரூபாயையே விதிப்பது முறையன்று. பாலினம் காட்டும் கருவி இல்லாத அறையில் அந்தக் குற்றத்துக்கு இடம் குறைவு. கருவி வைத்திருப்பவர் மீதுள்ள கண்காணிப்பு ஓர் அணுவும் தளரக் கூடாது.

இனி நம் வீட்டுச் செய்தி. எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இருக்கிறது. 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து சிறப்பு மையமாக அமைந்தது அது. அக்கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்குச் சிறப்பு மையங்களில் தரப்படும் உதவி 2022-இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. எந்த மையத்துக்குச் சென்றாலும் சுவரில் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் தாளைத் தமிழில் கேளுங்கள். படியை வாங்கி வாருங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள்.

செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களுள் மருத்துவரும் செவிலியரும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு, நான்கில் ஒன்று என்ற கணக்கையும், கர்ப்ப காலத்தில் எந்த வாரத்துக்குள் எந்தச் சோதனை என்பதையும் ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டு, சங்க நூலகத்து மேசையில் வைக்கலாம். வாசகம் எழுதித் தர அவர்கள் இசைந்தால், அச்சுப்பிழை பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.